விளையாட்டு வெளிவருமுன் மன்சூருக்கு

செம்பூர், மும்பை
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மன்சூருக்கு,

இசக்கி எழுதுவது. நானும் வீட்டுக்காரி வடிவும் சுகம். நீயும் உன் மனைவி தங்கச்சி அக்தர் பானுவும் மேலப்பாளையத்தில் நலமாக இருக்க வேண்டும். அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று சொன்னாய். ஜன்னல் பக்கம் மடிக்கணினியை வைக்காதே. இங்கே மழை விட்டு ஒரு மாதமாகிறது, புழுக்கம்தான் விடவில்லை. வடிவுக்குப் பள்ளியில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் குவிந்துவிட்டன. சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய ஆறாம் வகுப்புக் கணக்கு, மீதியில்தான் எங்கள் சாப்பாடு.

தினம் குரல் பதிவு அனுப்புகிறவன் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். பேச ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும். அதனால் டைப் செய்து அனுப்புகிறேன், உன் போன் படித்துச் சொல்லும். அவசரமில்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து கடைசிவரை கேள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். நமக்குள் என்ன நன்றி என்று நீ பேச்சை வெட்டுவாய். கடிதத்தில் வெட்ட முடியாது. நீ வந்து சேருமுன் நம் இந்தப் போன் கேம் என்ன கதியில் கிடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அதைச் சொன்னால்தான் நீ எனக்கு என்ன செய்திருக்கிறாய் என்பது உனக்கே புரியும்.

போன வருஷம் ஜூலையில் ஒருநாள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டிகள் ஓடவில்லை. வீட்டிலிருந்தே வேலை. மத்தியானத்துக்குள் என் பங்கு முடிந்துவிட்டது. இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறேன், இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்குத் தவிர வேறெதற்கும் ஒரு வரிகூட எழுதியதில்லையே என்று தோன்றியது. ஒரு கேம் செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். நாற்பத்துமூன்று வயதில் வந்த ஆசை. அன்றிலிருந்து தினமும் காலையில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, ஆபீஸ் கிளம்பும்வரை அதுதான் வேலை.

அனுபவசாலி என்ற மிதப்பு எனக்கு. கேம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் எஞ்சின் என்ற ஆயத்த மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனக்கு மனம் வரவில்லை. அடியிலிருந்து நானே கட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். ஆட்டத்தைச் சேமிக்க ஒரு அடுக்கு, அமைப்புகளுக்கு ஒரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் தானியங்கிச் சோதனை. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் விளையாட வந்தால் தாங்க வேண்டுமே என்று அதற்கும் ஏற்பாடு செய்துவைத்தேன். விளையாட ஒருத்தர்கூட இல்லை, விளையாட்டும் இல்லை. நான்கு மாதம் இப்படியே போயிற்று.

அக்டோபரில் வடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காட்டுங்களேன் என்றாள். திரையில் ஒரு நீலச் சதுரம் இருந்தது. அம்புக்குறியை அழுத்தினால் நகரும். இடப்பக்கம் கொண்டுபோனாள், வலப்பக்கம் கொண்டுபோனாள். குலுங்காமல் அழகாக நகருகிறது என்று பாராட்டினாள். பிறகு என்ன என்று கேட்டாள். நான் சதுரத்தை இன்னொரு தடவை நகர்த்திக் காட்டினேன். அவள் எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள். மறுநாள் காலை அத்தனை கோட்டையும் ஒரு மூலையில் போட்டு மூடிவிட்டேன்.

அதன்பிறகுதான் வெட்கத்தை விட்டு அந்த இலவச எஞ்சினை இறக்கிக்கொண்டேன். என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகள் போட்ட பாட வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். நம் ஆபீஸ் கோட் யாராவது கேட்டால் எழுந்து பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கேம் அப்படியில்லை, நொடிக்கு அறுபது தடவை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் மண்டையில் ஏற மூன்று வாரமாயிற்று. சின்னதாக ஒன்றாவது முடி என்று ஒரு பாடத்தில் சொன்னார்கள். தாராவியில் ஏறி, நீ முன்பு குடியிருந்த சீத்தா கேம்ப்பில் இறங்கும் பஸ் பயணம்தான் எனக்குத் தோன்றியது. படத்தை நானே வரைந்தேன். கோட் எழுதுகிற கைக்குப் படம் வரவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பஸ் மல்லாக்கக் கிடக்கும் ஃபிரிட்ஜ் மாதிரி வந்தது.

பிப்ரவரியில் அதை நம் பழைய ஆபீஸ் குரூப்பில் போட்டேன். முப்பத்தோரு பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நகுல் மட்டும், வேலையை விட்டுவிட்டீர்களா என்று விசாரித்தான். மறுநாள் மான்குர்ட் தாண்டி ரயில் கடல்பாலத்தில் ஏறும்போது உன் குரல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து.

"லே இசக்கி, மன்சூர் பேசுதேன். உன் கேமைத் தொறந்தா என் போன் வாயே தெறக்க மாட்டேங்கு. எங்க பட்டன் இருக்கு, எங்க படம் இருக்குன்னு ஒண்ணும் சொல்லல. கண்ணு இல்லாதவன் எப்படி வெளையாடுவான்? டிஃபெக்ட் நம்பர் ஒண்ணு, எழுதிக்கோ."

அவ்வளவுதான். சுகமா என்று கேட்கவில்லை, ஏன் போன் செய்யவில்லை என்று கேட்கவில்லை. பதினோரு வருஷம் ஐரோலி ஆபீஸில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து என் கோட்டில் ஓட்டை கண்டுபிடித்த அதே குரல். வண்டி கடலைத் தாண்டும்வரை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் சொல்ல மூன்று நாள் ஆனது. பதில் என்று என்ன சொன்னேன்? ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் சேர்த்து, உன் போன் வாய்விட்டுப் படிக்கும்படி மாற்றி, சரிசெய்தாயிற்று என்று ஒரு வரி அனுப்பினேன். உடனே இரண்டாம் நம்பர் வந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து.

படமே வேண்டாம் என்று சொன்னவன் நீதான். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த இடம் வந்தது என்று உனக்குத் தெரியாதா, சத்தத்தை மட்டும் வைத்து ஸ்டாப் கண்டுபிடித்து மணியடிக்கட்டும், அதுதான் ஆட்டம் என்றாய். வரையத் தெரியாதவனுக்கு அதைவிடப் பெரிய விடுதலை வேறென்ன? அன்று ஃபிரிட்ஜ் பஸ்ஸை அழித்தேன்.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகளே மாறிவிட்டன. காதில் மைக் மாட்டிக்கொண்டு தாராவியிலிருந்து ட்ராம்பே வரை அலைந்தேன். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தகரம் தட்டுவது, சயானில் தலைக்கு மேல் வண்டி போவது, செம்பூர் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவர்கள் கூப்பிடுவது, முன்னே நகரச் சொல்லும் கண்டக்டரின் 'புடே சலா', சீத்தா கேம்ப்பில் இரண்டு பள்ளிவாசல்களில் முன்னும் பின்னுமாக எழும் பாங்கு. இருபது வருஷம் அந்த ரோட்டில் போயிருக்கிறேன், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. புது ஏசி பஸ்ஸில் ஏறிப் பதிவு செய்துகொண்டு வந்தால், ஜன்னல் மூடியிருக்கிறது, இன்ஜினும் சத்தமில்லை, இதில் நான் எதைக் கேட்டு இறங்குவேன் என்றாய். கூடவே, பார்வையில்லாதவனுக்கு அந்தப் பஸ் வருவதே தெரியாது என்றும் சொன்னாய். நான் யோசித்தே பார்த்திராத விஷயம். பழைய சிவப்பு பஸ் கிடைக்கும்வரை நாற்சந்தியில் முக்கால் மணி நேரம் நின்று பதிவு செய்தேன்.

இருபத்தேழாம் நம்பர் பிழையை மறக்க முடியாது. மூன்று தடவையும் தப்பான ஸ்டாப்பில் இறங்கினேன், என் காது கெட்டுப்போயிற்றா என்று நீ கவலையாகக் கேட்டாய். கடைசியில் இடது காதுக்கும் வலது காதுக்கும் சத்தத்தை நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது எப்படித் தெரியும்?

ஜூலையில் ஒரு வாரம் ஒரு பிழைகூட வரவில்லை. முடிந்தது என்று துள்ளினேன். "சரியாத்தான் ஓடுது இசக்கி, ஆனா வெளையாட்டா இல்லியே" என்றாய். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆபீஸில் பிழை இல்லையென்றால் முடிந்துவிட்டது என்று பொருள். பிழையே இல்லாத ஒன்று சுவாரஸ்யமே இல்லாமல் இருக்கலாம் என்பதை இந்த வயதில் ஏற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனது. அப்புறம் தங்கச்சிதான் வழிகாட்டினாள். பஸ்ஸில் நிம்மதியாகச் சத்தம் கேட்க யார் விடுகிறார்கள், பக்கத்து சீட்டில் ஒருத்தி வாய் ஓயாமல் பேசுவாளே என்று சிரித்தாள். சிரித்ததோடு விடாமல், மாப்பிள்ளை வீட்டுப் பிரியாணியில் உப்பு இல்லாத கதையை நாற்பது துண்டாகப் பேசி அனுப்பினாள். ஸ்டாப் நெருங்கும்போது சரியாக அவள் குரல் குறுக்கே விழும்படி வைத்தேன். அடுத்த நாள் நீ அனுப்பிய பதிவில் வெறும் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. வடிவு அந்த ஆட்டத்தை ஒரே மூச்சில் பதினான்கு தடவை ஆடினாள். பிறகு என்ன என்று கேட்கவில்லை.

இதெல்லாம் நீ கொடுத்தது, மன்சூர். காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. கோட் எழுதுவது எனக்குப் பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது, அதுவும் திரும்பக் கிடைத்தது. இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் நேரே வேலையில் வந்து உட்கார்ந்தாய். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியில்லாதவன் என்று உனக்குத் தெரியாது. இனி நான் சொல்லப்போவது அதைத்தான்.

போன ஞாயிறு நீ அனுப்பிய பதிவை எழுத்துக்கு எழுத்து எனக்குச் சொல்ல வரும். "ஒண்ணு சொல்லட்டா இசக்கி. அந்த முகவரி ரிலீஸுக்குப் பொறவு எனக்கு என் மேலயே நம்பிக்கை போச்சுல்லா. கண்ணு முன்னால கெடந்தத விட்டுட்டமேன்னு. இப்ப இதுல அறுபத்திமூணு பிடிச்சாச்சு. காது விடல. நான் இன்னும் டெஸ்டர்தாம்லே."

மன்சூர், அந்தப் பிழை உன் கண் முன்னால் கிடக்கவே இல்லை.

2022 நவம்பர். க்ளெய்ம் கடிதங்கள் அனுப்பும் ப்ரோக்ராமை நீ வியாழக்கிழமை சோதித்து முடித்தாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினாய். கண் டாக்டரிடம் போனாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்து மணிக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து கேட்டார்கள், கடிதங்களைப் பின்கோடு வரிசையில் அடுக்கித் தர முடியுமா என்று. ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். பெயர்ப் பட்டியல் வரிசை மாறியது, முகவரிப் பட்டியல் மாறவில்லை. உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதானே என்று அப்படியே அனுப்பினேன். எழுநூறு குடும்பங்களின் கடிதங்கள் வேறு யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தன.

திங்கள்கிழமை கூட்டத்தில் நம் மேனேஜர் வேங்கடசுப்ரமணியன் சார் யார் சோதித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ எழுந்து, நான்தான் சார், நான் விட்டிருப்பேன் என்றாய். யாராவது தேடியிருந்தால் என் மாற்றத்தின் தேதியும் நேரமும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நீ ஒப்புக்கொண்டதால் யாரும் தேடவில்லை.

சாயங்காலம் உன்னிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இது சத்தியம். வாஷி பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது, விழித்திரை போய்க்கொண்டிருக்கிறது, ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிவதில்லை, அதனால்தான் விட்டுவிட்டேன் என்று முதன்முதலாக என்னிடம் சொன்னாய். ஜன நெரிசலில் நடக்கும்போது என் பையின் வாரை நீ பிடித்துக்கொண்டு வருவதை ஆறு மாதமாகக் கவனித்திருந்தேன், கேட்டதில்லை. அன்று கேட்டேன், அழுதேன், டாக்டரைப் பற்றியெல்லாம் விசாரித்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. நீயே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது. இதற்கு மேல் நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வாங்கித் தருகிறோம், வேறு பிரிவில் இருங்கள் என்று ஆபீஸில் உன்னிடம் சொன்னார்கள். பிழையைக் கோட்டை விட்டவன் எந்த முகத்தோடு இருப்பேன் என்று டிசம்பரில் நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய். சீத்தா கேம்ப் வீட்டைக் காலி செய்தாய். ஏப்ரலில் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். உன்னை வழியனுப்ப நான் தாதர் ஸ்டேஷனுக்கு வரவில்லை, காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. அதன்பிறகு உன்னைக் கூப்பிட எடுத்த போனையெல்லாம் கீழே வைத்தேன். பார்வை போய்க்கொண்டிருக்கிறவனிடம் என்ன பேசுவது என்று எனக்குப் பயம் என வடிவிடம் சொல்லிவைத்திருந்தேன், அவளும் நம்பினாள்.

போன ஞாயிறு உன் பதிவைக் கேட்டபிறகு முதலில் அவளிடம்தான் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடி வைத்தாள். கேமில் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போடப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "அண்ணன்ட்ட இதச் சொல்லாம அவங்க பேர மட்டும் போட்டா, அது மரியாதையா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை வேங்கடசுப்ரமணியன் சாருக்கு மெயில் எழுதினேன். இப்போது புனேயில் வேறு கம்பெனியில் இருக்கிறார். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி, உன் பங்கில் தவறு எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. என்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறார், அது எனக்கு வேண்டியதுதான். உன் நம்பரைக் கேட்டிருக்கிறார், உன்னிடம் தானே பேச வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் நான் கொடுக்கவில்லை. அவர் வாயால் நீ இதைக் கேட்குமுன் என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்து எழுதினேன். நம் ஆபீஸில் இப்போது இருப்பவர்களிடமும் நாளை சொல்லிவிடுவேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

கேம் தயாராக இருக்கிறது. வெளியிடும் பொத்தானை நான் தொடவில்லை. உன் பெயர் என் பெயரோடு சேர்ந்து வருவதில் இனி உனக்குச் சம்மதம் இல்லையென்றால், உன் பெயரில் மட்டும் வரட்டும். அதுவும் வேண்டாமென்றால், நம் இரண்டு போனில் மட்டும் அந்தப் பஸ் ஓடட்டும். இந்த எட்டு மாதம் எனக்குக் கிடைத்ததை அதனால் யாரும் திருப்பி வாங்கிவிட முடியாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அது எப்படி இருக்கும் என்று உனக்குச் செய்து காட்டியவன் நான், எனக்கு அது வந்தால் நியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

எனக்குப் பதில் சொல்ல அவசரமில்லை. அதற்கு முன் ஒரு காரியம் செய். அக்தர் பானுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்கு உன் கண் எதையும் விட்டுவிடவில்லை என்று அவளிடம் சொல். மூன்று வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத நிம்மதி இன்றாவது அந்த வீட்டுக்குள் வரட்டும்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் எல்லா நலமும் தரட்டும்.

என்றும் உனக்குக் கடன்பட்ட
இசக்கிராஜ்